உரசுறது டயரு, வெட்டுறது மட்கார்டா?

ரெண்டு மாசமா இந்தக் கடையைத் திறக்கவே இல்லை. சீசன் நேரத்துல குற்றாலத்துக்காரன் வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததில்லை. சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட சொந்தக்காரங்க, அவங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்கன்னு ஜூன்ல ஆரம்பிச்சா ஆகஸ்ட் முடியுற வரைக்கும் வீட்டுக் கொடியில ஈரத்துண்டு காயவே காயாது. அதைப் பத்திப் புலம்ப இன்னொரு நாள் வர்றேன். இன்னிக்குப் புலம்பல் ஒரு காரைப் பத்தி. புலம்பல்னு சொல்றது கூட தப்பு, சண்டைன்னே வச்சிக்கோங்க.

எங்க அக்கா மகன் கோயம்புத்தூர்ல வேலை பாக்கான். நல்ல பையன், நல்ல சம்பளம், கைக்குழந்தை ஒண்ணு. இந்த வருஷம் 2012 மாடல் ஸ்விஃப்ட் ஒண்ணை ரெண்டாங்கையா வாங்கி, "மாமா, வண்டியைப் பாருங்க"ன்னு வாசல்ல கொண்டு வந்து நிறுத்துனான். பாத்தேன். வண்டி நிக்கலை, படுத்திருந்துச்சு. எருமை மாடு சேத்துக்குள்ள படுத்திருக்குமே, அப்படி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல என் சுண்டுவிரல் போகலை. பின் சக்கரம் ரெண்டும் பாடியை விட்டு வெளிய எட்டிப் பாக்குது. "என்னலே, வண்டிக்கு மூலமா?"ன்னு கேட்டுட்டேன். அக்காவுக்குக் கோவம்.

"இது லோயரிங் மாமா. ஸ்பேசரும் போட்டுருக்கு. ஸ்டான்ஸ்னு சொல்லுவாங்க."

சரி, அவன் காசு, அவன் காரு. நான் கூட அந்தக் காலத்துல புல்லட்டுக்கு சைலன்சரை மாத்திட்டு ஊரெல்லாம் சாபம் வாங்குனவன்தான். அதனால வாயை மூடிக்கிட்டேன். அங்கதான் தப்பு பண்ணுனேன்.

அன்னிக்குச் சாயங்காலம் ஐந்தருவி போனோம். அவன், அவன் சம்சாரம், குழந்தை, அக்கா, அத்தான், முன் சீட்டுல நான். முதல் வேகத்தடையில 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். பல்லு கூசுற மாதிரி. ரெண்டாவதுல மறுபடி கர்ர்ர். மருமவன் என்ன பண்ணுனான் தெரியுமா? பாட்டு சத்தத்தைக் கூட்டி வச்சான். "அது லேசான ரப்பிங் மாமா, எல்லா லோயர் பண்ணுன வண்டிக்கும் இருக்கும்."

மறுநாள் பாலருவிக்குப் போகணும்னாங்க. ஆரியங்காவு வரைக்கும் ஏறும்போது அவ்வளவா தெரியலை. குளிச்சு முடிச்சு, கோட்டைவாசல் கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு இறங்குறோம். புளியரை எஸ் வளைவு எப்படி இருக்கும்னு அந்தப் பக்கம் லாரி பின்னாடி மாட்டிக்கிட்டவங்களுக்குத் தெரியும். சாரல் வேற. வளைவுல வண்டி இடப்பக்கம் சாயச்சாய, பின்னாடி சத்தம் விட்டு விட்டு வரலை, தொடர்ச்சியா வருது. அப்புறம் ரப்பர் தீயுற நாத்தம். குழந்தை பின் சீட்டுல அக்கா மடியில, அந்தச் சக்கரத்துக்கு நேர் மேல. நிறுத்துன்னா நிறுத்த இடம் இல்லை, பின்னாடி லாரி. பைய போலே, பைய போலேன்னு சொல்லிச் சொல்லியே செங்கோட்டை வரைக்கும் வந்து ஒரு பஞ்சர் கடையில நிறுத்துனோம்.

இனி சொல்லப் போறதைக் கவனமாப் படிங்க. இந்தப் பதிவே இதுக்குத்தான்.

பஞ்சர் கடைத் தம்பி இடது பின் பக்கம் ஜாக்கி வச்சுத் தூக்குனான். சக்கரம் தொங்குனதும் உள்ள 'டொக்'னு ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா ஸ்பிரிங்கு அதோட கிண்ணத்துல இருந்து நழுவிச் சாஞ்சு நிக்குது. அந்தத் தம்பி கையை விட்டு ஆட்டுனான், கோயில் மணி மாதிரி ஆடுது. ஸ்விஃப்ட்ல பின்பக்கம் ஷாக் அப்சார்பர் தனி, ஸ்பிரிங்கு தனி. கம்பெனி ஸ்பிரிங்குன்னா வண்டியைத் தூக்கினாலும் கொஞ்சம் அழுத்தத்தோட இடத்துல நிக்கிற நீளம் இருக்கும். இது வெட்டுன ஸ்பிரிங்கு. கட்டிங் மெஷினை வச்சு ஒரு சுத்தோ ஒன்றரைச் சுத்தோ அறுத்து விட்டிருக்கானுவ. லோயரிங்குன்னு சொன்னது இதைத்தான்.

அடுத்து வீல் நட்டு. ஸ்பேனரை வச்சு நாலு சுத்து, அவ்வளவுதான், நட்டு கையோட வந்துருச்சு. நல்லா இருக்குற ஸ்விஃப்ட்ல ஒரு நட்டைக் கழட்ட பத்துச் சுத்துக்கு மேல ஆகும். போல்ட்டோட குறுக்களவு எவ்வளவோ, குறைஞ்சது அவ்வளவு நீளமாவது மரை பிடிச்சிருக்கணும்ங்கிறது பட்டறையில எல்லாருக்கும் தெரிஞ்ச பாலபாடம். 12 மில்லி போல்ட்டு, 1.25 மில்லி மரை. அப்ப பத்துச் சுத்தாவது வேணும். இவன் வண்டியில 10 மில்லி ஸ்பேசரைச் சொருகிட்டு அதே பழைய போல்ட்டுலயே நட்டை மாட்டியிருக்கு. 10 மில்லின்னா எட்டுச் சுத்து போச்சு. மீதி நாலு. அந்த நாலு சுத்து மரையை நம்பித்தான் எங்க குடும்பமே எஸ் வளைவு இறங்கி வந்திருக்கு. மருமவன் மூஞ்சில அப்பத்தான் லேசா ரத்தம் வடிஞ்சுது.

கடைசியா டயர். கழட்டி உருட்டிக் கொண்டு வந்து வெளிச்சத்துல காட்டுனான். வெளித் தோள்பட்டையில சுத்தி வர ஒரு பள்ளம், விரல் நகம் போற அளவு. ஒரு இடத்துல உள்ள நூல் தெரியுது. "அண்ணாச்சி, இன்னும் ஒரு ஸ்பீட் பிரேக்கர், ரெண்டு ஸ்பீட் பிரேக்கர்... அவ்வளவுதான். பட்டுனு போயிருக்கும்"னான்.

மருமவன் உடனே அவன் வேலை பாத்த கடைக்கு போன் போட்டான். (எந்த ஊரு, எந்தக் கடைன்னு கேக்காதீங்க. அந்த ஒரு கடை மட்டும் இல்லை இப்படி.) அங்க இருந்து வந்த பதில்தான் என்னை இப்படி உக்காந்து டைப் அடிக்க வச்சிருக்கு. "ஒண்ணுமில்ல பிரதர், மட்கார்டு உள் விளிம்பு இடிக்குது. பக்கத்துல டிங்கரிங் பட்டறை இருந்தா கிரைண்டர் வச்சு அந்த விளிம்பை மட்டும் வெட்டிரச் சொல்லுங்க. அரை மணி நேர வேலை."

அட கோட்டிக்காரா! செருப்பு கடிக்குதுன்னா காலை வெட்டுவியா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கணக்குன்னதும் ஓடாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான். அந்த ஸ்விஃப்டுக்குக் கம்பெனி குடுத்த டயர் 165/80 ஆர்14. அதாவது அகலம் 165 மில்லி, பக்கச் சுவர் உயரம் அதுல 80 சதவீதம், ரிம்மு 14 இஞ்சு. மொத்தக் குறுக்களவு 620 மில்லிக்கு ஒரு நூல் கம்மி. இவன் போட்டிருக்கது 205/55 ஆர்16. குறுக்களவு 632 மில்லி. சக்கரத்தோட உச்சி மட்கார்டைப் பாத்து 6 மில்லி ஏறியாச்சு. அகலத்துல 40 மில்லி கூட, அதுல பாதி வெளிப்பக்கம், அது 20. ஸ்பேசர் 10. ஆக டயரோட வெளி ஓரம் 3 சென்டிமீட்டர் வெளிய வந்து நிக்குது. அந்த அலாய் வீலோட ஆஃப்செட்டைச் சேக்காமலே இந்தக் கணக்கு. ரிம்முக்குப் பின்னாடி ஈ.டி.ன்னு போட்டு ஒரு நம்பர் அடிச்சிருப்பான். (ரெய்டு வர்ற ஈ.டி. இல்லை, ஜெர்மன் வார்த்தையோட சுருக்கம்.) ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து அச்சுல உக்காருற முகம் எத்தனை மில்லி வெளிய இருக்குங்கிற அளவு அது. 40ன்னு போட்ட ரிம்முல 10 மில்லி ஸ்பேசர் சொருகினா அது 30 ஆயிரும். நம்பர் குறையக் குறைய சக்கரம் வெளிய வரும்.

இப்ப மேல இருந்து பாடியையும் ரெண்டு இஞ்சு இறக்கியாச்சு. ஸ்விஃப்டோட பின்பக்கம் ஒரே உத்திரம் மாதிரி ஆக்சில், டார்ஷன் பீம்னு சொல்லுவாங்க. சில கார்ல சக்கரம் மேல ஏறும்போது தலையை உள்ள சாய்ச்சுக்கிட்டு மட்கார்டுக்குள்ள நுழைஞ்சுக்கும். இதுல அந்த மரியாதையெல்லாம் கிடையாது, நட்டக்குத்தலா மேல ஏறும். ஏறுற வழியில மட்கார்டு விளிம்பு இருந்தா நேரா அதுல போய் முட்டும். பின்னாடி மூணு பேரு உக்காந்தா முட்டாம என்ன செய்யும்?

நான் சொல்றதை நம்ப வேண்டாம், அந்தப் பஞ்சர் கடையிலயே நிரூபணம் ஆச்சு. டிக்கியில ஸ்டெப்னி இருந்துச்சு, கம்பெனி இரும்பு ரிம்மு, 165 டயரு. இடது பின் சக்கரத்துக்கு ஸ்பேசரைக் கழட்டிப் போட்டுட்டு, ஸ்பிரிங்கைக் கிண்ணத்துல உக்கார வச்சு, ஸ்டெப்னியை மாட்டுனோம். பொம்பளையாளுகளையும் குழந்தையையும் ஆட்டோவுல அனுப்பிட்டு, பஞ்சர் கடைத் தம்பியையும் அவன் கூட்டாளியையும் அத்தானையும் பின் சீட்டுல ஏத்தி, பிரானூர் பார்டர் வரைக்கும் ஊர்ந்து போயிட்டுத் திரும்புனோம். (கூலி பரோட்டாவா குடுத்தாச்சு.) வலது பக்கம் கர்ர்ர். இடது பக்கம் சத்தமே இல்லை. ரெண்டு பக்கமும் அதே வெட்டுன ஸ்பிரிங்கு, அதே உயரம், அதே மட்கார்டு விளிம்பு. வித்தியாசம் டயரும் ஸ்பேசரும் மட்டும்தான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஆனாலும் வெட்டிட்டா வேலை சுருக்கமா முடியும்லன்னு மருமவன் முணுமுணுத்தான். பின் மட்கார்டு விளிம்புங்கிறது அழகுக்கு மடிச்சு விட்ட தகரம் இல்லைங்க. வெளித்தகடும் உள்பக்கத்து வீல் கூடும் அங்கதான் ஒண்ணோட ஒண்ணு சேருது. மடிச்சு, ஸ்பாட் வெல்டு வச்சு, தண்ணி போகாம சீலர் தடவி அனுப்புறான். முன் மட்கார்டாவது போல்ட்டு, கழட்டி வேற போடலாம். பின்னாடி இருக்கது பாடியோட ஒட்டுன உறுப்பு. அதைக் கிரைண்டர்ல அறுத்தா ரெண்டு தகடும் வாயைப் பொளந்துக்கிடும். அதுக்குள்ள சக்கரம் வாரி அடிக்கிற தண்ணியும் சேறும் போகும். நம்ம ஊர்ல சீசன்ல துணியே காய மாட்டேங்குது, தகடு காயுமா? கொஞ்ச வருஷத்துல கையை வச்சா பொடிப்பொடியா உதிரும். இதுல பெரிய கொடுமை, அறுத்த முனை பிளேடு மாதிரி இருக்கும். முன்னாடி மழுங்கின விளிம்பு டயரைத் தேய்ச்சுது, இனி கூர் விளிம்பு அதே டயரைச் சீவும்.

வெட்டாம ரோல் பண்ணலாம்னு சொல்றவங்க உண்டு. அச்சுல ஒரு ரோலர் கருவியை மாட்டி, பெயிண்டு வெடிக்காம இருக்க ஹீட் கன்னால சூடு காட்டி, அந்த விளிம்பை உள்பக்கமா மடக்கிப் படுக்க வைக்கிறது. ஒழுங்காச் செஞ்சா அது கௌரவமான வேலைதான், நான் மறுக்கலை. அரைக் கட்டை விரல் இடம் கிடைக்கும். ஆனா எதுக்குக் கேக்குறேன்? எல்லாம் சரியா இருந்து, கடைசி நாலஞ்சு மில்லி இடிக்குதுன்னா ரோல் பண்ணு. ஸ்பிரிங்கை அறுத்து, போல்ட்டுல மரை இல்லாம, மூணு சென்டிமீட்டர் டயரை வெளிய தள்ளி வச்சிட்டு ரோல் பண்றது, புத்துநோய்க்குப் பவுடர் போடுற கதை.

அதே கடை இன்னொரு வைத்தியமும் சொல்லுச்சு. ஸ்பிரிங்குச் சுத்துக்கு நடுவுல வட்டமா ஒரு ரப்பரைச் சொருகுறது. சொருகினா வண்டி கொஞ்சம் உயரும், உரசாதாம். மக்களே, யோசிச்சுப் பாருங்க. முதல்ல காசு வாங்கிக்கிட்டு ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவான். அப்புறம் இன்னொரு தடவை காசு வாங்கிக்கிட்டு அதே ஸ்பிரிங்குக்குள்ள ரப்பரைத் திணிச்சு வண்டியை ஏத்துவான். எங்க ஊரு கல்யாண புரோக்கர் கூட இந்தத் தொழிலைப் பண்ண மாட்டான்!

இப்ப எதிர்க்கட்சிக்காரங்க வாதத்துக்கு வருவோம். மருமவனோட கூட்டாளிங்க வாட்சப்புல வண்டி வண்டியா அனுப்பியிருக்காங்க, அதனால எனக்கு எல்லாம் மனப்பாடம்.

"ரோடு சரியில்ல, வண்டியைச் சொல்லாதீங்க"ன்னு ஒரு வாதம். பாதி ஒத்துக்கிடுதேன். இந்திய சாலைக் காங்கிரஸ்காரங்க 1988லயே வேகத்தடைக்கு ஒரு அளவு எழுதி வச்சிருக்காங்க. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்துல வண்டி நோகாம ஏறி இறங்கணும். நம்ம தென்காசி வட்டாரத்துல அப்படி ஒண்ணை நான் பாத்ததில்லை. தெருவுல ஒரு தென்னைமரத்தைக் குறுக்கப் போட்டு மேல தார் ஊத்துன மாதிரிதான் எல்லாம். 2019ல தனி மாவட்டம் ஆன பிறகும் தடை தடையாத்தான் நிக்குது. ஆனா ரோடு மோசம்னு தெரிஞ்சவன் வண்டியை உயர்த்தத்தான் பாக்கணும், இறக்குவானா? மழை வருதுன்னு தெரிஞ்சே குடையில ஓட்டை போடுவாங்களா?

"ரேஸ் காரெல்லாம் தாழ்வாத்தானே இருக்கு, தாழ்வா இருந்தா வளைவுல நல்லா நிக்கும்"னு இன்னொண்ணு. இதுல உண்மை இருக்கு, அதனாலதான் ஆபத்தான வாதம். கோயம்புத்தூர்க்காரனுக்கு நான் சொல்லணுமா? அதே ஊரு கரிவர்தன் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கி பசங்களை ரேஸ்ல இறக்கிவிட்டவரு. அவர் பேர்ல 2003ல இருந்து செட்டிப்பாளையத்துல டிராக் இருக்கு. மெட்ராஸ் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 1990ல இருந்து ஒண்ணு. அங்க ஓடுற கார் தாழ்வா இருக்கது வாஸ்தவம். ஆனா அதோட ஸ்பிரிங்கு கல்லு மாதிரி. சக்கரம் மேல ஏறி இறங்குற தூரமே கொஞ்சம்தான், அந்தத் தூரத்துக்கு அளந்துதான் தாழ்த்தியிருப்பான். தரையும் வழவழன்னு இருக்கும். பின் சீட்டுல எங்க அக்காவும் இருக்க மாட்டா. நம்ம வெட்டு ஸ்பிரிங்குல தூரத்தைக் குறைச்சாச்சு, அதுக்குத் தக்கன விறைப்பு ஏறலை. வண்டி பம்ப் ஸ்டாப் ரப்பர்ல போய் மொத்து மொத்துன்னு உக்காருது. வளைவுல அப்படி உக்காந்தா அந்தச் சக்கரத்துல திடீர்னு பாரம் எகிறும், ஈர ரோட்டுல வழுக்கும். வளைவுல நல்லா நிக்குமாம்ல!

மூணாவது, "ஸ்பேசர்னாலே தப்பில்ல, போர்ஷேக்காரனே கம்பெனியில ஸ்பேசர் விக்கான்". ஆமா, விக்கான். அவன் அச்சோட நடுக் கழுத்துல அச்சடிச்ச மாதிரி உக்காருற ஸ்பேசர் குடுப்பான், கூடவே அதுக்குத் தக்கன நீளமான போல்ட்டும் குடுப்பான். எந்த மாடலுக்கு, எந்த ரிம்முக்குன்னும் எழுதிக் குடுப்பான். மருமவன் வண்டியில இருந்து எடுத்த ஸ்பேசரைப் பாத்தேன். ஸ்விஃப்டுக்கு நடுக்கழுத்து 54.1 மில்லி. அந்த ஸ்பேசர்ல நடு ஓட்டை உலகத்துல இருக்குற எல்லாக் காருக்கும் பொருந்துற மாதிரி அகலமா கிடக்கு. எல்லாத்துக்கும் பொருந்துறது எதுக்கும் பொருந்தாது. சக்கரம் நடுவுல உக்காராம, நாலு போல்ட்டுல தொங்கிக்கிட்டு ஓடுது. ஹைவேயில ஸ்டியரிங் நடுங்குதுன்னு மூணு தடவை வீல் பேலன்ஸ் பண்ணுனானாம். எப்படிய்யா நிக்கும்?

முன் சக்கரத்துலயும் ஸ்பேசர் போட்டிருந்துச்சு. அது வேற வம்பு. சக்கரம் திரும்புற அச்சுக்கோடும் டயர் தரையைத் தொடுற நடுப்புள்ளியும் எவ்வளவு தள்ளி இருக்கணும்னு கம்பெனிக்காரன் கணக்குப் பண்ணி வச்சிருக்கான். ஸ்பேசர் அந்த இடைவெளியைக் கூட்டி விட்டுரும். அப்புறம் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தண்ணிக் குட்டையில இறங்கினா, ஸ்டியரிங்கை யாரோ பிடுங்குற மாதிரி அந்தப் பக்கம் இழுக்கும். பழைய குற்றாலம் ரோட்டுல சாரல் நேரத்துல குட்டை இல்லாத இடம் எங்க இருக்கு? வீல் பேரிங்குக்கும் நெம்புகோல் நீளமாகுது, சீக்கிரமே உறுமும்.

சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிருச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். கோட்டைவாசல் தாண்டினா கேரளா. அங்க மோட்டார் வாகனத்துறை இதுல ரொம்பக் கறார். 2021 ஆகஸ்டுல கண்ணூர்ல ஒரு யூடியூப் சகோதரர்களோட வேனையே தூக்கிட்டுப் போய் வச்சதுக்கு மலையாளத் தேசமே அல்லோலகல்லோலப்பட்டுச்சு. நம்ம ஆளு அந்த மாநிலத்துக்குள்ளதான் ஜாலியா பாலருவிக்குப் போயிட்டு வந்திருக்கான்.

ஆனா சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துறது என் நோக்கம் இல்லை. இந்தச் சட்டம் மேலயே எனக்கு வருத்தம் உண்டு. ஒட்டுமொத்தமா கூடாதுன்னு சொன்னா என்ன ஆகும்? ஆசைப்படுறவன் ஆசைப்பட்டுக்கிட்டேதான் இருப்பான், வேலை மட்டும் இருட்டுக் கொட்டகைக்குப் போயிரும். ஜெர்மனியில வண்டியை இறக்கலாம், ஸ்பேசரும் போடலாம். ஆனா சோதிச்சுச் சான்று குடுத்த சாமானா இருக்கணும். இந்த மாதிரி மாத்தத்துக்கு டியூவி மாதிரி ஒரு பரிசோதனை நிலையத்துல கொண்டு போய்க் காட்டணும். அங்க ஒரு முன் சக்கரத்தையும் எதிர் மூலைப் பின் சக்கரத்தையும் மேட்டுல ஏத்தி, வண்டியை முறுக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒடிச்சு, எங்கயாவது இடிக்குதான்னு பாப்பான். இடிச்சா கையெழுத்து கிடையாது. ஆசையும் ஆச்சு, உயிரும் ஆச்சு. அந்த வசதியை இங்க கேட்டுப் போராடுனா நானும் கொடி பிடிக்க வர்றேன்.

அதுவும் வேண்டாம், தாழ்வான காருக்குப் பேர் போன லாஸ் ஏஞ்சல்ஸ் மெக்சிகோக்காரங்களைப் பாருங்க. ரிம்மோட அடி விளிம்புக்குக் கீழ பாடி இறங்கக் கூடாதுன்னு 1958ல கலிஃபோர்னியா சட்டம் போட்டுச்சு. மறு வருஷமே ரான் அகிர்ரேங்கிற ஆளு விமானத்து ஹைட்ராலிக் பம்பைத் தன் காருல மாட்டி, நிறுத்திக் காட்டும்போது இறக்கி, ஓட்டும்போது ஏத்திக்கிடுற மாதிரி பண்ணிட்டாரு. அவனுக்கு அழகும் தெரியும், ஓடுற வண்டி உரசாம இருக்கணும்னும் தெரியும். நம்ம கொட்டகையில ஒரு கிரைண்டரும் ஒரு டீ கிளாசும்தான் இருக்கு.

சரி, கடைசியில என்ன பண்ணுனோம்? ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. அக்கா அவன் பக்கம். "அவன் ஆசையா பண்ணுனதைப் போய் அறுக்கணும்ங்கியே தம்பி"ன்னா. "அறுக்க வேண்டாம்னுதான் சொல்லுதேன்"னேன். ஒரு கட்டத்துல அவன் சம்சாரம் அந்த டயரை உருட்டிக்கிட்டு வந்து முற்றத்துல நடுவுல போட்டா. நூல் தெரியுற பக்கம் மேல. அதுக்குப் பிறகு யாரும் பேசலை.

தென்காசியில எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட விட்டோம். நாலு ஸ்பேசரும் வெளிய. கம்பெனி ஸ்பிரிங்கு நாலும் புதுசு. அதுக்கான செலவு, அவன் கையில வச்சிருக்குற போனோட விலையில பாதி கூட இல்லை. பின் ஷாக் அப்சார்பர் ரெண்டும் அடி வாங்கி எண்ணெய் கசிஞ்சிருந்துச்சு, அதையும் மாத்தியாச்சு. பம்ப் ஸ்டாப் ரப்பரை எவனோ பாதியா அறுத்து வச்சிருந்தான், வண்டி இன்னும் இறங்கணும்னு! அதுவும் புதுசு. அலாய் வீலை விட மனசில்லைன்னு அழுதான். சரி, அது நியாயமான ஆசை. 16 இஞ்சு ரிம்மு இருக்கட்டும், டயரை 195/55க்கு மாத்துன்னேன். குறுக்களவு 621 மில்லி, கம்பெனி அளவுக்கு ஒரு மில்லிதான் கூட. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது.

அப்புறம் நம்ம வீட்டு டியூவி சோதனை. முற்றத்துல ரெண்டு மூலைக்கும் செங்கல்லும் பலகையும் அடுக்கி எதிரெதிர் சக்கரத்தை ஏத்துனோம். பின் சீட்டுலயும் டிக்கியிலயும் இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை பத்து. டயர் தோள்பட்டையில சுத்தி வர சாக்பீஸைத் தேய்ச்சு விட்டோம், எங்க தொட்டாலும் அழிஞ்ச இடம் காட்டிக் குடுத்துரும். பின்னாடி எங்கயும் தொடலை. முன்னாடி ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது உள் பிளாஸ்டிக் மறைப்புல லேசா ஒரு கோடு. பாத்தா அந்த மறைப்போட கிளிப்பு ஒண்ணு எப்பவோ கழண்டு தொங்கிட்டிருந்திருக்கு. பத்து ரூபாய் கிளிப்பு. மாட்டுனோம், அதுவும் போச்சு. உரசலுக்கு நிஜமான ரிப்பேர்னு பாத்தா இந்த வண்டியில அது ஒண்ணுதான் நாங்க பண்ணுனது. மத்தது எல்லாம் ஏற்கெனவே பண்ணி வச்சிருந்ததை அவிழ்த்தது.

அதே அஞ்சு பேரும் குழந்தையுமா மறுபடி ஐந்தருவி போனோம். முதல் வேகத்தடையில எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். சத்தம் இல்லை. மருமவன் மட்டும் கண்ணாடியில பின்னாடி பாத்துட்டு, "இப்ப பாக்க டாக்ஸி மாதிரி இருக்கு மாமா"ன்னான். இருந்துட்டுப் போகட்டும்லே, டாக்ஸிக்காரன் அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓட்டுதான்.

டிஸ்கி 1: ஸ்பேசர் போட்டே தீருவேன்னு நிக்கிறவங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. இன்னிக்கே ஒரு நட்டைக் கழட்டி, எத்தனை சுத்துல வருதுன்னு எண்ணிப் பாருங்க. எண்ணிக்கையைப் பின்னூட்டத்துல போடுங்க. ஆறுக்குக் கீழ இருந்தா பின்னூட்டம் போட வண்டியில போகாம நடந்தே போங்க :-)

டிஸ்கி 2: வீல் எதைக் கழட்டி மாட்டினாலும் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு நட்டை மறுபடி முடுக்கணும். மருமவன் கோயம்புத்தூர் போற வழியில ராஜபாளையத்துல நிறுத்தி முடுக்குனதா போட்டோ அனுப்பியிருக்கான். ஸ்பேனரோட அவன் நிக்கிற போஸைப் பாத்தா அடுத்து எதையோ மாத்தப் போறான்னு தெரியுது. சைலன்சரா இருக்கும். அதுக்கு மட்டும் நான் எதுவும் சொல்ற நிலைமையில இல்லை, ஹிஹி.